இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷன்: முதுகில் ஊசியா, முழு மயக்கமா? புது ஆய்வுகளை வைத்துப் பேசலாம்

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

போன வாரம் மூட்டுவலி இழையில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: எழுபது வயசு தாண்டியவருக்கு முழு மயக்கம் கொடுத்தால் புத்தி தடுமாறிவிடும், முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று. அங்கேயே பதில் எழுதினால் கேள்வி கேட்டவரின் மூட்டுவலி காணாமல் போய்விடும் என்பதால் இங்கே தனி இழை. நான் மயக்கவியல் மருத்துவர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் யாராவது ஒரு மகனோ மகளோ இதே வாக்கியத்தைச் சொல்லாத வாரம் கிடையாது.

இது மக்கள் தாமாகக் கட்டிவிட்ட கதை இல்லை. நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்த பழைய ஆய்வுகள் பலவற்றில் ஸ்பைனல், அதாவது முதுகு ஊசி, போட்டவர்கள் கொஞ்சம் நன்றாகவே தேறினார்கள். ஆனால் யாருக்கு ஸ்பைனல், யாருக்கு ஜெனரல், அதாவது முழு மயக்கம், என்று அங்கே முடிவு செய்தது டாக்டர்கள். இதயம் மோசமானவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இவர்களெல்லாம் ஜெனரல் பக்கம் தள்ளப்பட்டார்கள். அப்புறம் ஜெனரலில் விளைவு மோசம் என்று எழுதினால் எப்படி?

2021 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசினில் ரீகெய்ன் என்ற ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகள், இடுப்பு எலும்பு முறிந்த, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,600 பேர். விழுவதற்கு முன்பு எல்லாரும் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். யாருக்கு எந்த மயக்கம் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் முடிவு செய்தது. அறுபது நாள் கழித்துக் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்களையும், அடுத்தவர் துணையில்லாமல் பத்தடி நடக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்தால் ஸ்பைனலில் 18.5 சதவீதம், ஜெனரலில் 18.0. டெலிரியம், அதாவது ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற திடீர்ப் புத்தித் தடுமாற்றம், ஸ்பைனலில் 20.5, ஜெனரலில் 19.7.

2022 தொடக்கத்தில் ஜாமா இதழில் ராகா ஆய்வு. சீனாவில் 9 மருத்துவமனைகள், இதிலும் இடுப்பு முறிந்தவர்கள்தான், 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 950 பேர். முதல் ஏழு நாளில் டெலிரியம் வந்ததா என்பதுதான் இவர்களுடைய முக்கியக் கேள்வியே. முதுகு ஊசி வகையில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1.

இரண்டிலும் அந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். ஸ்பைனல் மூளையைக் காப்பாற்றும் என்ற எதிர்பார்ப்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நான் இன்றைக்கும் பெரும்பாலும் ஸ்பைனல்தான் போடுகிறேன், அது வேறு காரணங்களுக்காக. ஆனால் "ஜெனரல் கொடுத்து அம்மாவைக் கெடுத்துவிட்டார்கள்" என்று வீட்டில் சண்டை போடுவதற்கு இனி இடமில்லை.

கொங்கு ராசு எழுதியது:

டாக்டர், எங்கள் வீட்டுக் கதை உங்கள் பேச்சுக்குப் பொருந்துகிறது, ஆனால் கேள்வி பாக்கி இருக்கிறது.

அம்மாவுக்கு 78. தொழுவத்துப் படியில் கால் தவறி விழுந்து இடது இடுப்பில் முறிவு. பெரிய ஆஸ்பத்திரிதான், பேர் வேண்டாம். ஸ்பைனல் போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். முதல் நாள் நன்றாகப் பேசினார், காபி கேட்டார். இரண்டாம் நாள் ராத்திரி என்னைப் பார்த்து, "மழை கொட்டுது, கன்னுக்குட்டியை அவுத்து உள்ளே கட்டாமல் இங்கே என்னடா பண்றே" என்று திட்டினார். மழையும் இல்லை, இப்போது மாடும் இல்லை, விற்று எத்தனையோ வருசம் ஆகிறது. ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். டியூட்டியில் இருந்தவர்கள் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டு ஒரு ஊசி போட்டார்கள். மறுநாள் முழுக்கத் தூக்கம்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் மயக்க மருந்தைத்தான் குற்றம் சொன்னார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இல்லை. அப்படியானால் எதனால்?

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

ராசு, நீங்கள் எழுதியது டெலிரியத்தின் பாடப்புத்தக வடிவம். நன்றாக இருந்தவர் திடீரென்று மாறுவது, அதுவும் ராத்திரியில் கூடுவது, நடுநடுவே தெளிவது. இதற்கு ஒற்றைக் காரணம் பெரும்பாலும் இருக்காது. வயசு, ஏற்கெனவே லேசாக ஆரம்பித்திருக்கும் மறதி, கண் காது மங்கியிருப்பது, இவையெல்லாம் அடித்தளம். அதன் மேல் எது வேண்டுமானாலும் திரியைக் கொளுத்தலாம்: மூத்திரம் கட்டிக்கொள்வது, நாலு நாள் மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் இறங்குவது, நெஞ்சுச் சளி, தூக்கமின்மை, வலி.

வலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வயதானவருக்கு மார்பின் வகை மருந்து கொடுத்தால் குழம்பிவிடுவார் என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற டாக்டர்களும் நர்சுகளும் நிறைய. நியூயார்க்கில் இடுப்பு முறிவு நோயாளிகள் 541 பேரைத் தொடர்ந்து பார்த்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மார்பினுக்கும் குறைவான அளவு வலி மருந்து பெற்றவர்களுக்குத்தான் டெலிரியம் அதிகமாக வந்தது. கடும் வலியில் கிடந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். இந்த வகையில் பெத்திடின் என்ற மருந்து மட்டும் விதிவிலக்கு, அது குழப்பத்தைக் கூட்டும் என்பது பழைய செய்தி.

இன்னொன்று. கையைக் கட்டியதைச் சொன்னீர்கள். அமெரிக்காவில் ஷரான் இனூயே என்ற முதியோர் மருத்துவர் 1996ல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவமனைக்குள்ளேயே டெலிரியத்தைத் தூண்டுகிற ஐந்து விஷயங்களைக் கண்டுபிடித்தார். நோயாளியைக் கட்டிப்போடுவது அதில் ஒன்று. மூத்திரக் குழாய் இன்னொன்று. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் புது மருந்து சேர்ப்பது, சத்துக்குறைவு, சிகிச்சையின்போதே நேர்ந்துவிடும் கோளாறு, இவை மற்ற மூன்று. உங்கள் அம்மாவுக்கு இதில் எத்தனை இருந்தது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எண்கணக்கன் எழுதியது:

நான் டாக்டர் இல்லை, புள்ளிவிவரம்தான் என் தொழில். இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, ரீகெய்னில் ஸ்பைனல் பக்கம் விழுந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கடைசியில் ஜெனரல்தான் கொடுத்திருக்கிறார்கள். ஊசி இறங்கவில்லை, நோயாளி மறுத்துவிட்டார் என்று பல காரணங்கள். இரண்டு குழுவும் கலந்துவிட்டால் வித்தியாசம் மங்கிப்போகும் அல்லவா? இரண்டு, ஸ்பைனல் போட்டவர்களுக்கும் தூங்க ஊசி கொடுத்திருப்பார்கள். முதுகில் மரத்துப்போக ஒன்று, தலைக்குத் தூக்கம் வர இன்னொன்று. இதை "விழித்திருக்கும் நோயாளி" என்று எப்படிச் சொல்வது?

"வித்தியாசம் தெரியவில்லை" என்பது ஒன்று, "இரண்டும் சமம்" என்பது வேறு. முதல் பதிவில் இரண்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

ஆட்சேபம் இரண்டும் சரியானவை. அதனால்தான் ராகா முக்கியம். அங்கே முதுகு ஊசிக் குழுவுக்குத் தூக்க மருந்தே கொடுக்கவில்லை, முழு விழிப்பில் ஆபரேஷன். அப்படியும் டெலிரியம் குறையவில்லை. ரீகெய்னின் ஓட்டையை ராகா அடைக்கிறது என்று நான் வாசிக்கிறேன். ராகாவின் எண்கள் மொத்தத்திலேயே குறைவு, 5, 6 சதவீதம்தான். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் சின்ன வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம் என்று நீங்கள் அடுத்துச் சொல்வீர்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரீகெய்ன் குழு 2022ல் வலி பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டது. அது பலருக்கு ஆச்சரியம். முதல் 24 மணி நேரத்தின் உச்ச வலி ஸ்பைனல் பக்கம்தான் சற்றுக் கூடுதல், பத்துக்கு 7.9, எதிர்ப்பக்கம் 7.6. அறுபதாம் நாளில் டாக்டர் சீட்டு வேண்டிய வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஸ்பைனலில் 25 சதவீதம், ஜெனரலில் 19க்குச் சற்றுக் குறைவு. வலியளவில் 0.3 பெரிய விஷயமில்லை. ஆனால் ஸ்பைனல் போட்டால் வலி குறையும் என்று வாசலில் வாக்குக் கொடுக்கிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் 7க்கு மேல் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இடுப்பு முறிந்த கிழவர்களை நாம் எல்லா ஊரிலும் வலியில் போட்டு வைத்திருக்கிறோம்.

எண்கணக்கன் எழுதியது:

சரி. முழு மயக்கத்தின் ஆழம்? அதிகமாக மயக்கினால் மூளைக்குக் கெடுதல், நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி அளந்து கொடுத்தால் நல்லது என்று ஒரு மருத்துவமனை விளம்பரத்தில் பார்த்தேன்.

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

பிஸ் மானிட்டர். நெற்றியில் ஒட்டினால் மூளையின் மின்னலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண்ணைக் காட்டும். முழு விழிப்பு 100க்குப் பக்கம், ஆபரேஷன் நேரத்தில் வழக்கமாக 40 முதல் 60 வரை வைப்போம்.

இங்கேதான் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்து 2019ல் வெளியான எங்கேஜஸ் ஆய்வு 1,232 பேரைச் சேர்த்தது. மூளையலை பார்த்து மருந்தைக் குறைத்த குழுவில் டெலிரியம் 26 சதவீதம், வழக்கப்படி கொடுத்த குழுவில் 23. பலன் இல்லை. அதே வருடம் பேலன்ஸ்ட் என்ற பெரிய ஆய்வு, 6,644 பேர், ஆழமான மயக்கத்துக்கும் லேசான மயக்கத்துக்கும் ஒரு வருட இறப்பில் வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அதன் ஒரு பகுதியாக ஐந்நூற்றுச் சொச்சம் பேரை மட்டும் டெலிரியத்துக்காகத் தனியாகப் பார்த்து 2021ல் எழுதினார்கள். ஆழத்தில் 28 சதவீதம், லேசில் 19. எல்லாரும் குஷியானோம். அப்புறம் 2024ல் கனடா எங்கேஜஸ், இதய ஆபரேஷன் நோயாளிகள் 1,140 பேர்: மூளையலை பார்த்த குழுவில் டெலிரியம் 18.15 சதவீதம், வழக்கப்படி கொடுத்ததில் 18.10. இதைவிட அழகான சமன் கிடைக்காது!

என் தனிப்பட்ட கருத்து: பேலன்ஸ்ட்டில் இரண்டு குழுவின் ஆழத்துக்கும் நடுவே நிஜமான இடைவெளி இருந்தது, பிஸ் எண்ணில் 50க்கும் 35க்கும். எங்கேஜஸில் மருந்து அளவில் வித்தியாசம் கொஞ்சம்தான். வேண்டுமென்றே யாரையும் 35க்கு இறக்காமல் இருந்தால் போதும். ஸ்டிக்கருக்குத் தனியாகக் காசு கட்டச் சொல்லி "மூளை பாதுகாப்பு" என்று பில் போட்டால் காரணம் கேளுங்கள்.

நைட் டியூட்டி எழுதியது:

ஐசியூ டாக்டர். ராசுவின் அம்மாவுக்குப் போட்ட அந்த ஊசி பற்றி.

பெரும்பாலும் ஹாலோபெரிடால்தான் போட்டிருப்பார்கள், மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து. ஐசியூக்களில் டெலிரியம் என்றாலே கை தானாக அதை எடுக்கும். அமெரிக்காவின் 16 மருத்துவமனைகளில் நடந்த மைண்ட் யுஎஸ்ஏ என்ற ஆய்வு 2018ல் வெளிவந்தது. டெலிரியம் வந்த 566 பேரில் சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு அதே வகையில் சிப்ரசிடோன், சிலருக்கு வெறும் உப்பு நீர். மயக்கமோ குழப்பமோ இல்லாமல் கழிந்த நாட்கள் மூன்று குழுவிலும் ஏறத்தாழ ஒன்றே, எட்டுப் பக்கம். 2022ல் டென்மார்க் தலைமையில் ஏஐடி ஐசியூ, ஆயிரம் பேர். அதிலும் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்களில் ஹாலோபெரிடால் தெளிவான பலன் காட்டவில்லை.

அதாவது அந்த ஊசி ஆர்ப்பாட்டத்தை அமுக்கும், குழப்பத்தைத் தீர்க்காது. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்கிற நிலையில் நான் இன்னும் போடுகிறேன், குறைந்த அளவில். ஆனால் "மருந்து கொடுத்தாச்சு" என்று எழுதிவிட்டு மூத்திரப்பையைத் தொட்டுப் பார்க்காமல் போவதுதான் ஆபத்து.

அப்புறம், சத்தம் போடுகிறவரை எல்லாரும் கவனிக்கிறார்கள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கேட்டால் "ம்" என்று மட்டும் சொல்லும் தாத்தாவை யாரும் கவனிப்பதில்லை. "பாவம், அசதி" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் டெலிரியம்தான், முதியவர்களிடம் மிகவும் சகஜம். மருந்து கொடுத்து அமுக்கும்போது நாம் ஒருவகையை இன்னொரு வகையாக மாற்றிவிட்டு நிம்மதி அடைகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இதில் குடிப்பழக்கத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும். தினமும் குடிக்கிறவர் விழுந்து அட்மிட் ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், பூச்சி ஊர்வதாகச் சொல்வார். அது வேறு நோய், அதற்கு மருந்து வேறு: லோரசிபம், டயசிபம் வகை. மற்ற முதியவர்களுக்கு நாங்கள் தவிர்க்கப் பார்க்கிற அதே மருந்து இவருக்கு உயிர் காக்கும். அதனால் தயவுசெய்து அப்பா குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். "எப்போவாவது கொஞ்சம்" என்று மகன் சொல்வார், மூன்றாம் நாள் ராத்திரி உண்மை தெரியும்.

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

நைட் டியூட்டி அந்த மருந்து வகையைத் தொட்டதால் ஒரு செய்தி. லோரசிபம், டயசிபம், மிடசோலம் உள்ளிட்ட பென்சோடயசிபைன் வகையைத் தவிர்த்தாலே டெலிரியம் நன்றாகக் குறையும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2025ல் வெளியான பி ப்ரீ ஆய்வில் வட அமெரிக்காவின் 20 இதய அறுவை மையங்களை மாதம் மாதமாக மாற்றி மாற்றி ஓட்டினார்கள், ஒரு மாதம் அந்த மருந்து இல்லாமல், ஒரு மாதம் தாராளமாக. ஏறத்தாழ இருபதாயிரம் பேர். தவிர்த்த மாதங்களில் டெலிரியம் 14.0 சதவீதம், கொடுத்த மாதங்களில் 14.9. பெரிய மாயம் ஒன்றும் நடக்கவில்லை. தியேட்டருக்குள் ஒரு தடவை கொடுப்பதைப் பற்றித்தான் இந்த ஆய்வு பேசுகிறது. வார்டில் தினம் ராத்திரி தூக்க மாத்திரை கொடுப்பதற்கு இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

டாக்டர்கள் எல்லாரும் மருந்து மருந்தாகப் பேசுகிறீர்கள். எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

தியேட்டருக்கு அனுப்பும்போது கண்ணாடி, பல்செட், காது மெஷின், மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறோம். அது சரிதான். திரும்பி வந்த பிறகு மூக்குத்தியை மட்டும் ஞாபகமாகக் கேட்டு வாங்கி மாட்டுவார்கள். கண்ணாடியும் காது மெஷினும் மகளின் கைப்பையில் வீட்டுக்குப் போய்விடும், "எதுக்கு, தொலைஞ்சிடும்" என்று. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் பச்சைத் திரைக்கு நடுவில் கண் முழிக்கிற பாட்டிக்கு எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? பல்செட் இல்லாமல் அவர் பேசுவது எங்களுக்கும் புரியாது. புரியவில்லை என்றால் கேஸ் ஷீட்டில் "குழப்பமாகப் பேசுகிறார்" என்று ஏறிவிடும்.

அடுத்தது அலர்ஜிக்குப் போடுகிற ஏவில் ஊசி. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால், அரிப்பு என்றால், சில இடங்களில் தூக்கம் வரவில்லை என்றால்கூட. பினர்கனும் அப்படித்தான். இந்த வகை மருந்து முதியவர்களின் மூளையைக் குழப்பும், மூத்திரத்தையும் கட்டவைக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். வார்டுக்கு வந்தால் பழக்கம்தான் ஜெயிக்கிறது. ஆர்டர் எழுதியிருந்தால் நான் போட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் கேட்பேன். கேட்டால் பாதிப் பேர் அந்த ஆர்டரை அடித்து நீக்கிவிடுகிறார்கள்.

எங்கள் வார்டில் இப்போது 4ஏடி என்ற சின்னப் பரிசோதனை வைத்திருக்கிறோம். விழிப்பாக இருக்கிறாரா, வயசு, பிறந்த தேதி, இடம், வருடம் சொல்கிறாரா, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, நேற்றைக்கும் இன்றைக்கும் மாற்றம் உண்டா. இரண்டு நிமிடம் போதும். டிசம்பர் நவம்பர் என்றால் எங்கள் பாட்டிகளில் பாதிப் பேர் முழிக்கிறார்கள், அவர்களுக்கு அது முன்னோக்கியே வராது. பங்குனி, மாசி, தை என்று எடுத்துக் கொடுத்தால் சரசரவென்று சித்திரை வரை வந்துவிடுகிறார்கள். பிறந்த தேதி கேட்டால் ஆதார் அட்டையில் இருப்பது ஒன்று, அவர் சொல்வது ஒன்று. இதற்கெல்லாம் மார்க் குறைத்தால் வார்டு முழுக்க டெலிரியம்தான்.

ஸ்காபரோ சிவா எழுதியது:

சிஸ்டர் சொன்னது எங்கட வீட்டிலையும் நடந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே கனடாவில் எங்களோடை இருக்கிறா, 82 வயது. பனியில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சது. ஆபரேஷன் முடிஞ்சு ராத்திரி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டினம். காலமை போனால், அம்மா குழம்பிப் போயிட்டா, இடம் நேரம் ஒன்றுக்கும் மறுமொழி இல்லை என்று நர்ஸ் சொன்னா. ஆங்கிலத்தில் கேட்டிருக்கினம். மொழிபெயர்ப்பாளர் போனில் இருந்தவர், ஆனால் அம்மாவுக்குப் போனில் கேட்கிற அளவுக்குக் காது இல்லை. நான் பக்கத்தில் இருந்து கதைக்க, இடம், நாள், ஏன் வந்தது எல்லாம் சரியாகச் சொன்னா. பின்னேரம் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, அது உண்மை.

அதுக்குப் பிறகு அண்ணாவும் நானும் மாறி மாறி இரவில் இருந்தம். எங்கட ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆள் நிற்கிறது சாதாரணம். இங்கே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் இது குறையும் என்று ஆய்வு ஏதும் இருக்கோ?

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

இருக்கிறது சிவா. டெலிரியத்துக்கு மருந்தில்லாமல் வேலை செய்கிற விஷயம் என்றால் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இனூயே குழு அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் ஒரு திட்டத்தைச் சோதித்து 1999ல் வெளியிட்டது. கண்ணாடி, காது மெஷின், தண்ணீர் குடிக்கவைப்பது, ஒரு நாளில் சில தடவையாவது எழுப்பி நடமாடவைப்பது, ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு நீவுதலும், இன்று என்ன கிழமை, யார் டாக்டர் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. 852 முதியவர்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

நம் ஊரில் தன்னார்வலருக்கு எங்கே போவது? சீனாவின் செங்டூவில் இதே கேள்வியைக் கேட்டு, குடும்பத்தாரையே அந்த வேலையில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் சொல்லிக்கொடுப்பார், மகனோ மருமகளோ செய்வார். ஆபரேஷன் முடிந்த முதியவர்கள் 281 பேர். 2020ல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பில் டெலிரியம் 19.4 சதவீதம், குடும்பம் கைகொடுத்த குழுவில் 2.6.

எண்கணக்கன் எழுதியது:

19.4லிருந்து 2.6! இவ்வளவு அழகான எண்ணைப் பார்த்தால் என் தொழிலில் முதலில் சந்தேகம்தான் வரும். ஒரே மருத்துவமனை, 281 பேர், யாருக்கு எது என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும். வேறு இடத்தில் செய்தால் பாதியாவது நிற்குமா என்று பார்க்க வேண்டும். முதலில் வருகிற சின்ன ஆய்வு பெரும்பாலும் பெரிய பலனைக் காட்டும், பின்னால் வருவது சுருங்கும்.

1999 ஆய்விலும் குலுக்கல் இல்லை. ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்கள். ரீகெய்னுக்குப் போட்ட அளவுகோலை இதற்கும் போட வேண்டாமா, டாக்டர்?

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

போட வேண்டும். எண் சுருங்கும் என்றுதான் நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் ஒரு மருந்தை இந்த ஆதாரத்தோடு கொண்டுவந்தால் நான் காத்திருப்பேன், ஏனென்றால் மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. கண்ணாடி மாட்டிவிடுவதற்கு எந்தப் பக்கவிளைவுக்காகக் காத்திருப்பது?

பிசியோ செல்வி எழுதியது:

யாரும் தாமதத்தைப் பற்றிப் பேசவில்லையே! என்னிடம் வரும்போதே பல பேர் நாலு நாள், ஐந்து நாள் காலில் எடை தொங்கவிட்டு இழுவை மாட்டிப் படுத்தவர்கள். "இதய டாக்டர் எக்கோ பார்க்கணும்", "ரத்தம் உறையாத மாத்திரை நிறுத்தி அஞ்சு நாள் ஆகணும்". ஆபரேஷனுக்கு முன்பே நெஞ்சில் சளி கட்டி, முதுகில் புண் ஆரம்பித்து, பகல் ராத்திரி மறந்துபோயிருக்கும். அதற்கப்புறம் ஸ்பைனலா ஜெனரலா என்று கேட்டு என்ன பயன்?

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

செல்வி, நான் இந்த இழையைத் தொடங்கியதன் உள்நோக்கமே அதுதான்.

2020ல் லான்செட் இதழில் ஹிப் அட்டாக் ஆய்வு வந்தது. 17 நாடுகள், இந்தியாவும் உண்டு, 2,970 நோயாளிகள். முறிவு என்று தெரிந்ததிலிருந்து ஒரு குழுவுக்குச் சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன், இன்னொன்றுக்குச் சுமார் 24 மணி நேரத்தில். இறப்பு 9 சதவீதம், 10 சதவீதம், வித்தியாசம் இல்லை. ஆனால் டெலிரியம் சீக்கிரம் செய்த குழுவில் 9 சதவீதம், மற்றதில் 12. மூத்திரத் தொற்றும் குறைவு, நடமாடத் தொடங்கியதும் சீக்கிரம். கவனியுங்கள், இங்கே தாமதம் என்பதே 24 மணி நேரம்தான். நாலு நாள் கிடந்தவர்களை யாரும் ஒப்பிடவே இல்லை.

இப்போது ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடும் ஒரு தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்போது முதுகில் ஊசி குத்தினால் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கட்டி, கால் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதனால் ஸ்பைனல் வேண்டும் என்றால் ஐந்து முதல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். "வயசானவர், ஸ்பைனல்தான் நல்லது" என்ற பழைய நம்பிக்கைக்காகப் பல வார்டுகளில் காத்திருக்கிறார்கள். ஜெனரல் கொடுத்தால் மறுநாளே செய்யலாம். ரத்தப்போக்கு கொஞ்சம் கூடலாம், அதற்கு ரத்தம் தயாராக வைத்துக்கொள்ளலாம். ரீகெய்னும் ராகாவும் எனக்குக் கொடுத்த பரிசு இந்த ஒரு வாதம்தான். ஸ்பைனலுக்காகக் காத்திருப்பதில் பலன் ஒன்றும் காணோம், காத்திருக்கும் நாட்களோ நிச்சயம் நஷ்டம்.

காத்திருக்கும் அந்த மணிநேரங்களிலும் வலிக்கு வழி இருக்கிறது. தொடையின் மேல்பக்கம் அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி, பேஷியா இலியாகா பிளாக். 2018ல் டொரோண்டோவில் பெங் பிளாக் என்று இன்னொன்றை விவரித்தார்கள். 49 ஆய்வுகளைத் தொகுத்த 2020 காக்ரேன் அறிக்கை இந்த வகை ஊசிகள் அரை மணி நேரத்துக்குள் அசையும்போது வரும் வலியைக் குறைப்பதோடு டெலிரியத்தையும் நெஞ்சுத் தொற்றையும் குறைக்கின்றன என்கிறது. அவசரப் பிரிவிலேயே போடலாம், எக்ஸ்ரே மேசைக்குத் தூக்குவதற்கு முன்பே. இழுவையோடு அலறவிடுவதற்குப் பதில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

தஞ்சை வாசகி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு எட்டு மாதம், குடலிறக்க ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்தால் படிப்பு வராது என்கிறார்களே?

தூங்காநகர் டாக்டர் எழுதியது:

அம்மா, சுருக்கமாகச் சொல்கிறேன். 722 கைக்குழந்தைகளை வைத்து, குடலிறக்க ஆபரேஷனுக்கே, முழு மயக்கமும் விழித்திருக்கும்போது முதுகு ஊசியும் ஒப்பிட்டார்கள். காஸ் ஆய்வு. ஐந்து வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்ததில் வித்தியாசம் இல்லை. 2019ல் லான்செட்டில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே ஒரு மயக்கத்துக்கான பதில் இது. தைரியமாகச் செய்யுங்கள், மேலே கேட்க வேண்டுமானால் தனி இழை போடுங்கள்.

கொங்கு ராசு எழுதியது:

எல்லாம் படித்தேன். அம்மா வீட்டுக்கு வந்து தெளிந்துவிட்டார், கன்னுக்குட்டி கதையைச் சொன்னால் சிரிக்கிறார். ஒரு கேள்வி மட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஐசியூவில் வைத்தால் எங்களை உள்ளே விடுவதே இல்லை, சாயங்காலம் பத்து நிமிடம். அங்கே பக்கத்தில் இருப்பது எப்படி?

நைட் டியூட்டி எழுதியது:

ராசு, இதற்கும் ஆய்வு உண்டு, ஆனால் நீங்கள் விரும்பும் பதில் இல்லை. பிரேசிலில் 36 ஐசியூக்கள், 1,685 நோயாளிகள், 2019ல் ஜாமாவில் வந்தது. ஒரு பகுதியில் நாளுக்கு 12 மணி நேரம் வரை குடும்பத்தாரை அனுமதித்தார்கள், மற்றதில் வழக்கம்போல் ஒன்றரை மணி நேரம்தான். டெலிரியம் 18.9, எதிராக 20.1. குறிப்பிடும்படி குறையவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் நன்றாகக் குறைந்தன.

அவர்கள் நோயாளிகள் மிகவும் முடியாதவர்கள், உங்கள் அம்மாவோடு அப்படியே ஒப்பிட முடியாது. செங்டூவில் நடந்ததோ வேறு. அங்கே குடும்பத்தார் சும்மா உட்காரவில்லை, செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்து வேலை வாங்கினார்கள். எங்கள் ஐசியூவில் இப்போது காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் ஓர் ஆளை விடுகிறோம். அந்த நேரத்தில் பல் துலக்கிவிட, கஞ்சி கொடுக்க, கண்ணாடி மாட்டிப் பேச்சுக் கொடுக்கச் சொல்கிறோம். போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சிஸ்டர் வெளியே அனுப்பிவிடுவார்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

அனுப்புவோம் என்பது உண்மை. ராசு, சாயங்காலப் பத்து நிமிடம்தான் என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணாடியையும் காது மெஷினையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். டப்பாவில் பேரும் படுக்கை எண்ணும் எழுதி, பேட்டரி புதுசா என்று பார்த்து. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.